கட்டையான பிள்ளைக்குத் தலையில் ஏன் ஸ்கேன்?

"டொக்டர், தலைய ஒருக்கா ஸ்கேன் பண்ணிப் பாத்தா தெரிஞ்சிருமே?" மட்டக்களப்பில் பிள்ளைகளுக்கான கிளினிக்கில் இருக்கும் எனக்குப் பழகிப்போன கேள்வி இது. படுவான்கரையிலிருந்தும் வருவார்கள், அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் வருவார்கள். தம்பிக்காரன் அண்ணனைத் தாண்டி வளர்ந்த பிறகுதான் பலருக்கு விஷயம் பிடிபடுகிறது.

நான் முதலில் கேட்பது பிறந்தபோது தந்த கிளினிக் கொப்பியை. மிட்வைஃப் மிஸ் அளந்து குறித்த புள்ளிகளில் பாதி விடை இருக்கும். 4 வயதிலிருந்து பூப்படையும் காலம் வரை ஒரு பிள்ளை வருஷத்துக்கு ஏறத்தாழ 5, 6 சென்ரிமீற்றர் வளர வேண்டும். 4 சென்ரிமீற்றருக்கும் குறைந்தால் யோசிக்கிறோம். தாயும் தகப்பனும் கட்டை, பிள்ளை கொப்பியிலுள்ள தன் வளர்ச்சிக் கோட்டிலிருந்து விலகாமல் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. பெண்பிள்ளையென்றால் டேர்னர் நிலைக்கான (எக்ஸ் குரோமோசோம் ஒன்று முழுதாகவோ பகுதியாகவோ இல்லாதது) குரோமோசோம் பரிசோதனையும் சேரும். தைரொயிட்டை ஸ்கேனுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதம். தைரொயிட் நெடுநாள் குறைந்து கிடந்தால், மூளைக்குக் கீழே எலும்புக் குழியில் இருக்கும் கபச்சுரப்பி வீங்கி, படத்தில் கட்டி போலவே தெரியும். தைரொக்சின் குளிசை கொடுத்தால் அது தானாகச் சுருங்கிவிடும். இது தெரியாமல் படம் மட்டும் எடுத்தால் வீட்டில் ஒப்பாரிதான்.

கபச்சுரப்பியிலிருந்து வரும் வளர்ச்சி ஹோர்மோன் நாள் முழுவதும் ஒரே அளவில் சுரப்பதில்லை. விட்டுவிட்டுச் சுரக்கும், அதிலும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் கூட. காலையில் ஒரு குழாய் இரத்தம் எடுத்து 'குறைவு' என்று வந்த ரிப்போட்டுக்குப் பெறுமதி இல்லை. குளோனிடின் அல்லது குளுக்ககன் என்ற மருந்தைக் கொடுத்து, சுரப்பியைத் தூண்டி, சில மணித்தியாலம் அடுத்தடுத்து இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். குறைபாடு இருக்கிறதா என்பதைச் சொல்வது இதுதான். ஏன் என்று தேடத்தான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

கபச்சுரப்பி ஒரு கடலை அளவுதான். அதன் பின்பகுதி படத்தில் வெள்ளைப் புள்ளியாக மின்னும். சில பிள்ளைகளில் அந்தப் புள்ளி இருக்கவேண்டிய குழியில் இராமல் மேலே, மூளையின் அடியில் நிற்கும். சுரப்பியின் காம்பு நூலாய் மெலிந்தோ காணாமலோ போயிருக்கும். முன்பகுதி சிறுத்துக் கிடக்கும். இப்படிக் கண்டால் குறைபாடு நிலையானதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பின்னொரு காலம் தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனும், உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் கோட்டிசோல் ஹோர்மோனும் குறையலாம் என்பதால் அந்தப் பிள்ளையை வருஷக்கணக்கில் பின்தொடர்வோம். படம் நன்றாக இருந்தால் குறைபாடே இல்லை என்று அர்த்தமில்லை. குறைபாடுள்ள பல பிள்ளைகளுக்குப் படம் சுத்தமாகவே வரும்.

கட்டி இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். வளர்ச்சி நின்றதோடு காலைத் தலையிடி, வாந்தி, பார்வை மங்கல், இரவெல்லாம் தண்ணீர் கேட்டு மூத்திரம் போவது இவற்றில் ஏதும் இருந்தால் அளந்து பார்த்துக் காத்திருக்கும் கதையே வேண்டாம், உடனே கூட்டி வாங்க.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே போலக் கதிர் இல்லை, காந்தம்தான். சத்தம் மட்டும் தகரத்தில் அடிப்பதுபோல் இருக்கும். அரை மணித்தியாலமோ அதற்குக் கூடவோ அசையாமல் படுக்க வேண்டும். போனில் அந்தச் சத்தத்தைப் போட்டு வீட்டிலேயே படுத்துப் பழக்கினால் பாதிப் பயம் போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்போம். எத்தனை மணிக்குப் பிறகு சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று சொன்னால் அதை மீறாதீங்க. தோடு, காப்பு, வெள்ளி அரைஞாண், தாயத்துக் கூடு எல்லாம் கழற்ற வேண்டும். கோயிலில் கட்டிய வெறும் நூலென்றால் இருக்கட்டும், அம்மம்மா கோபிக்க வேண்டாம்.

குறைபாடு உறுதியானால் கொடுக்கும் வளர்ச்சி ஹோர்மோன் ஊசி தினமும் இரவில், வருஷக்கணக்கில் போடுவது. உள்ளே கட்டி வளர்ந்துகொண்டிருந்தால் அதைத் தொடங்கக் கூடாது. ஸ்கேனை அதற்கு முன்பே எடுப்பது அதனால்தான். இடது கையின் எக்ஸ்ரேயில் எலும்பின் வயதையும் பார்ப்போம். மீசை அரும்பி நாலைந்து வருஷம் கழித்து வரும் பையனின் எக்ஸ்ரேயில் எலும்பு முனைகள் ஒட்டிப்போயிருந்தால், உயரத்துக்கென்று அந்த ஊசியைப் போட்டுப் பலனில்லை.