‘பேற்றன்ற்’ என்றால் திறந்த ஓலை

இலங்கையில் நம் பக்கத்தில் பேற்றன்ற் என்று எழுதுவோம். தமிழ்நாட்டில் பேடன்ட், பேட்டன்ட். எழுத்து எதுவானாலும் கேட்பவர் மனத்தில் வருவது பூட்டிய பெட்டிதான். “அவர் அதுக்குப் பேற்றன்ற் எடுத்திட்டாராம், இனி ஒருத்தரும் கிட்டப் போகேலாது” என்பதே ஊர்ப்பேச்சு.

சொல்லின் வேர் இதற்கு நேர்மாறு. லத்தீனில் ‘பத்தேரே’ என்றால் திறந்து கிடத்தல். மருத்துவர்கள் இன்றும் அந்தப் பழைய பொருளிலேயே இதை ஆள்கிறார்கள். மூச்சுவழி அடைபடாமல் இருந்தால் அது ‘பேற்றன்ற்’. பிறந்தபின் மூடவேண்டிய இதய நாளம் மூடாமல் கிடந்தால் அந்தக் குறைபாட்டின் பெயரிலும் இதே சொல்தான் நிற்கிறது.

இடைக்கால ஐரோப்பிய அரசர்கள் இருவகை ஓலை அனுப்பினார்கள். ஒன்று மடித்து முத்திரை வைத்தது. முத்திரையை உடைக்காமல் படிக்க முடியாது. மற்றது முத்திரை அடியில் தொங்க, எழுத்து வெளியே தெரிய, இன்னாருக்கென்று இல்லாமல் எல்லாருக்குமாக விடுத்தது. அந்த இரண்டாவது வகையைத் திறந்த ஓலை என்றார்கள். ‘பேற்றன்ற்’ அதன் சுருக்கம். தமிழிலும் இந்த இரண்டும் உண்டு. மண் இலச்சினை வைத்துச் சுருட்டிய ஓலை முடங்கல். ஊரறிய வெட்டி நட்டது கல்வெட்டு. நிலாவெளியில் கிடைத்த பழைய கல்வெட்டு கோணேசர் கோயிலுக்கு 250 வேலி நிலம் விட்டதைச் சொல்கிறது. கொடையைக் கல்லில் வெட்டியது, பிறகு ஒருவரும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லக்கூடாது என்பதற்காகத்தான்.

1449இல் இங்கிலாந்தின் ஆறாம் ஹென்றி, வண்ணக் கண்ணாடி செய்யும் ஜான் ஒஃப் யுட்டினம் என்பவருக்கு 20 ஆண்டுத் தனியுரிமை கொடுத்தது இப்படியொரு திறந்த ஓலையால். 1474இல் வெனிஸ் இதைச் சட்டமாக்கியது. அரசருக்கு வேண்டியவர்களுக்கெல்லாம் உப்புக்கும் சீட்டுக்கட்டுக்கும் தனியுரிமை போய்ச் சேர்ந்த கூத்தை இங்கிலாந்து 1624இல் சட்டம் போட்டு நிறுத்தி, புதிய ஆக்கத்துக்கு மட்டும் 14 ஆண்டு என்று வரம்பு கட்டியது. செய்முறையை எழுதிக் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனை பின்னர் மெல்ல மெல்ல ஊன்றியது. எப்படிச் செய்தாய் என்று ஊருக்குச் சொல், குறித்த காலத்துக்கு உரிமை உனக்கு: இன்றுவரை பேரம் இதுதான்.

தமிழில் எது சரி?

தமிழ்நாட்டு நாளிதழ்கள் ‘காப்புரிமை’ என்கின்றன. குறை என்னவென்றால், புத்தகத்துக்கும் பாட்டுக்கும் உள்ள உரிமையையும் அதே சொல்லால் குறிப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் சட்டம் வேறு, காலம் வேறு. ‘காப்புரிமம்’ என்ற வடிவத்தில் வரும் உரிமம், லைசென்ஸைக் குறிக்கும் தமிழ்நாட்டு வழக்கு. நாம் அதை அனுமதிப்பத்திரம் என்போம் என்பதால் இங்கே காதில் ஒட்டாது. இலங்கையில் வழங்கும் ‘ஆக்கவுரிமை’ இவற்றைவிட நன்று. ஆக்கியவருக்கான உரிமை என்று நேரே சொல்கிறது, பதிப்புரிமையோடும் முட்டாது. ‘திறந்தது’ என்ற வேர்ப்பொருள் இதிலும் இல்லைதான். அதை ஒரு சொல்லுக்குள் திணிப்பதைவிட நினைவில் வைத்திருந்தால் போதும்.

இதன் உடன்பிறப்பு ‘பிரையர் ஆர்ட்’. இதைச் சிலர் ‘முன்கலை’ என்று பெயர்த்திருக்கிறார்கள்; படித்தால் பரதநாட்டியம் நினைவுக்கு வருகிறது. இங்கே ‘ஆர்ட்’ என்பது தொழிற்றிறன். விண்ணப்பத் தேதிக்கு முன்பே உலகில் எங்காவது எழுத்தாலோ பேச்சாலோ பயன்பாட்டாலோ வெளிப்பட்டிருந்த எல்லாமே அதற்குள் அடங்கும். ‘முன்னறிந்தவை’ என்று சொல்லிவிடலாம். மஞ்சள் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. மஞ்சளைக் கொண்டு புண் ஆற்றுவதற்கு 1995இல் அமெரிக்காவில் 5401504 என்ற எண்ணில் ஆக்கவுரிமை கிடைத்தது. இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் எடுத்து வைத்தது. 1997இல் அது இரத்தானது. பாட்டிக்குத் தெரியும் என்பது விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் தேர்வாளரிடம் எடுபடாது, தேதியோடு தாளில் இருக்கவேண்டும்.

தேடுவது எப்படி

காணி வாங்கமுன் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடுவதுபோலத்தான் முன்னறிந்தவற்றைத் தேடுவதும். அந்தத் தேடலுக்கு அலுவலகப் படி ஏறவேண்டும், இதற்கு இணையம் போதும், காசும் இல்லை. உலகப் புலமைச் சொத்து நிறுவனத்தின் ‘பேற்றன்ற்ஸ்கோப்’, ஐரோப்பிய அலுவலகத்தின் ‘எஸ்பாசெனெற்’, அமெரிக்க அலுவலகத்தின் பொதுத் தேடல் பக்கம் ஆகிய மூன்றும் அரசுகளோ அரசுகளுக்கிடை அமைப்புகளோ நடத்துபவை. கூகுளின் பக்கம் தனியாருடையது. முதல் பார்வைக்கு வசதி, முடிவு எடுக்க அதை மட்டும் நம்பவேண்டாம்.

குச்சவெளியிலோ மூதூரிலோ ஒருவர் வெயிலில் இயங்கும் கருவாடு உலர்த்தி ஒன்றைச் செய்து, இது புதிதா என்று பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் தட்டினால் ஒன்றும் வராது. பேற்றன்ற்ஸ்கோப்பில் ஒரு சொல்லைப் பல மொழிகளுக்கு விரித்துத் தேடும் கருவி இருக்கிறது, ஆனால் அந்த மொழிகளில் தமிழ் இல்லை. ஆகவே ஆங்கிலம்.

‘சோலர் ஃபிஷ் டிரையர்’ என்று தட்டுவதுதான் எல்லாரும் செய்வது, தவறு தொடங்குவதும் அங்கேதான். ‘டிரையர்’ என்பதை ஆங்கிலத்தில் ஒய் போட்டும் எழுதுவார்கள், ஐ போட்டும் எழுதுவார்கள். ஒன்றைத் தட்டினால் மற்றது தப்பிவிடலாம். விண்ணப்பம் எழுதுபவர்களோ அந்தச் சொல்லையே விட்டு ‘டிரையிங் அப்பராட்டஸ்’, ‘டீஹைட்ரேட்டர்’ என்பார்கள். சீன ஆவணங்களின் மொழிபெயர்ப்பில் மீன் பல வேளைகளில் மீனாக வராது, ‘அக்குவாட்டிக் புராடக்ட்’ என்று வரும். ஒரு பொருளுக்கு நாலைந்து பெயர் எழுதி, அவற்றுக்கிடையே ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘ஓர்’ (OR, அதாவது ‘அல்லது’) போட்டு அடைப்புக்குறிக்குள் வையுங்கள். வெயில், மீன், உலர்த்தல் ஆகிய மூன்று அடைப்புகளையும் ‘அண்ட்’ (AND) போட்டு இணையுங்கள். சொல்லின் முடிவு மாறுமென்றால் வேரோடு நிறுத்தி உடுக்குறி (*) இடலாம். வேரை மட்டுமீறிச் சுருக்கினால் சம்பந்தமில்லாதது ஆயிரக்கணக்கில் கொட்டும்.

இவ்வளவு செய்தாலும் சொற்தேடல் அரைத்தேடல்தான். மொழி கடந்த முகவரி, ஆவணம் எந்தத் தொழில்நுட்பத்தைச் சேர்ந்தது என்று காட்டும் வகைப்பாட்டு எண். நமக்கு நெருங்கியதாக ஒரு ஆவணம் கிடைத்ததும் அதன் முதல் பக்கத்தில் அடைப்புக்குள் 51 என்று இருக்கும் இடத்தைப் பாருங்கள். மீனையும் இறைச்சியையும் உலர்த்திப் பேணுவதற்கு ஏ23பி 4/03; வெயில் முதலிய கதிர்வீச்சால் உலர்த்துவதற்கு எஃப்26பி 3/28; இறால் கூடு, பொறி வகையறாவுக்கு ஏ01கே 69. எழுத்துகளைத் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் தட்டவேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த எண்ணோடு ஒரேயொரு சொல்லைச் சேர்த்துத் தேடினால் ஜப்பான், கொரிய ஆவணங்களும் வரிசையில் வந்து நிற்கும்.

ஜப்பானியம் தெரியாதே என்று பதறவேண்டாம். அடைப்புக்குள் இருக்கும் இலக்கங்கள் எந்த நாட்டுத் தாளிலும் ஒன்றையே குறிப்பவை: 22 விண்ணப்பத் தேதி, 54 தலைப்பு, 57 சுருக்கம், 71 விண்ணப்பதாரர், 72 ஆக்கியவர். பிறகு வரைபடம். இயந்திர மொழிபெயர்ப்பு ‘தட்டு’ என்பதை ‘தகடு’ ஆக்கிவிடலாம், படம் பொய் சொல்லாது.

நல்ல ஆவணம் ஒன்று கையில் வந்ததும் அது மேற்கோள் காட்டிய பழையவற்றையும், அதை மேற்கோள் காட்டிய புதியவற்றையும் திறந்து பாருங்கள். அரை மணி நேரச் சொற்தேடலில் கிடைக்காதது இரண்டு கிளிக்கில் வருவது இப்படித்தான்.

வாசிப்பதில் வழுக்கும் இடங்கள்

ஆவண எண்ணின் வாலில் தொங்கும் எழுத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஐரோப்பிய ஆவணத்தில் ‘ஏ1’ என்றால் தேடல் அறிக்கையோடு வெளியான வெறும் விண்ணப்பம், ‘பி1’ என்றால்தான் உரிமை வழங்கப்பட்டது. அமெரிக்காவில் இன்று ‘ஏ1’ விண்ணப்பம், ‘பி1’, ‘பி2’ வழங்கப்பட்டவை. ஆனால் 2001க்கு முன் அங்கே வழங்கப்பட்டதற்கே ‘ஏ’தான். சீனத்துச் சிறு இயந்திரங்கள் பலவற்றில் ‘யூ’ இருக்கும். அவை ஆழமான தேர்வில்லாமல் பதிவாகி, 10 ஆண்டு மட்டும் ஓடும் சிற்றுரிமைகள்.

அடுத்தது கோரிக்கைப் பகுதி. சுருக்கத்தை வாசித்துவிட்டு ‘எல்லாம் போச்சு, இவர் முந்திவிட்டார்’ என்று மூடிவைப்பவர்கள் அதிகம். சுருக்கத்துக்குச் சட்டவலு இல்லை. காணி உறுதியில் வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் வளவு என்று எல்லை சொல்வதுபோல, உரிமையின் எல்லையைச் சொல்வது கோரிக்கைதான். முதற்கோரிக்கை ‘கண்ணாடி மூடி, கறுப்புத் தகடு, விசிறி, ஈரம் அளக்கும் உணரி’ என்று நான்கைச் சேர்த்துக் கேட்டிருந்தால், உணரியும் அதற்கு ஈடான வேறொன்றும் இல்லாத உலர்த்தி பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே. ஆனால் ஒன்று: உங்களுடையது புதிதா என்று பார்க்கும்போது கோரிக்கை மட்டும் போதாது. விளக்கத்திலோ படத்திலோ எங்கேயாவது இருந்தாலே அது முன்னறிந்தது. இந்த இரண்டு கேள்வியையும் குழப்புவதில்தான் பாதித் தவறும்.

தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் புதிது என்று எழுதிவிடாதீர்கள். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்தே வெளியாகும். அந்த ஒன்றரை ஆண்டு இருட்டு.

உரிமை வழங்கிய நாட்டுக்குள் மட்டுமே செல்லும். அமெரிக்காவில் உயிரோடிருக்கும் ஒன்றுக்கு இலங்கையில் உரிமை இல்லையென்றால், அந்த வரைபடத்தைப் பார்த்து இங்கே செய்து இங்கே விற்பதற்குத் தடையில்லை. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யத்தான் முடியாது. இங்கே உண்டா என்பதற்கு உலகத் தளங்களை மட்டும் நம்பாமல் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரியுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கவுரிமை விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு. ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால் அதற்கு முன்பே விழுந்துவிடும்.

கண்காட்சிக்குக் கொண்டுபோகும் மாணவர்களுக்கு ஒரு சொல். தானே வெளியிட்டதற்கு நம் சட்டம் ஓராண்டு பொறுக்கும், ஐரோப்பா பொதுவாகப் பொறுக்காது. உலர்த்தியின் படத்தை முகநூலில் போடுவதற்கு முன் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் படமும் முன்னறிந்தவைதான்.