தட்டு காலியானால் நாய்க்கு வலி இல்லை என்று யார் சொன்னது?

“தட்டு வெச்சா காலி பண்ணிடுறான் டாக்டர். வலி இருந்தா சாப்பிடுவானா?”

சாப்பிடுவான். எலும்புப் புற்றுநோயில் முன்னங்கால் வீங்கி, மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்தும் சாப்பிடுவான். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. அதிலும் தத்தெடுத்த நாய்கள் பல, பட்டினி பார்த்தவை. கிடைத்ததைக் கிடைத்தபோதே விழுங்கப் பழகியவை. அவற்றின் தட்டைப் பார்த்து உடம்பைக் கணிக்காதீர்கள். “கத்தவே இல்லையே” என்பதும் இதே ரகம்தான். திடீரென அடிபட்டால் நாய் கத்தும். மாதக்கணக்காக வலித்தால் அடங்கிப்போகும்.

பார்க்க வேண்டியது வேறு. இரவு படுக்கிறது, எழுகிறது, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி படுக்கிறதா? வெயிலும் இல்லை, ஓடவும் இல்லை, ஆனாலும் இரைக்கிறதா? ஒரே கால் மூட்டை நக்கி நக்கி, எச்சில் பட்ட வெள்ளை முடி செம்பழுப்பாகிவிட்டதா? படியருகே ஒரு காலைத் தூக்கியபடி யோசித்து நிற்கிறதா? அயர்ந்து தூங்கும்போது 30 விநாடிக்கு மூச்சை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தொடர்ந்து 30க்கு மேல் வந்தால் இதயத்தையும் நுரையீரலையும் பார்த்தாக வேண்டும். ஈறு வெளிறி, நாய் சரிந்து விழுந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

“ஆறு வயசுதானே ஆகுது” என்பார்கள். தத்தெடுத்தபோது எழுதித் தந்த வயது, பல்லைப் பார்த்துப் போட்ட உத்தேசம். ஓரிரு வருடம் முன்பின் இருக்கும்.

சிகிச்சையைத் தொடரலாமா, வலியில்லாமல் அனுப்பிவைக்கும் நேரம் வந்துவிட்டதா என்று முடிவெடுக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் தந்தது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை, நிலைமை நன்றாக இருந்தால் கூடுதல் மதிப்பெண். 70க்கு 35க்கு மேல் என்றால் பராமரிப்பைத் தொடரலாம். வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, தினமும் நாட்காட்டியில் குறியுங்கள். மூச்சுத் திணறலும் வலிக் கணக்கில்தான் சேரும். பசிக்குப் பத்து போட்டு அதை ஈடுகட்டாதீர்கள்.

தயவுசெய்து உங்கள் மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள். நாம் வலிக்குப் போடும் ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். போதாக்குறைக்கு, நாங்கள் தர வேண்டிய வலி மருந்தையும் சில நாள் தள்ளிப்போட வைக்கும்.

கருணைக்கொலை என்ற சொல்லை எனக்குப் பிடிக்காது. அதிலிருக்கும் ‘கொலை’ நாயின் சொந்தக்காரர் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நடப்பது இதுதான். பெரும்பாலும் முதலில் மயக்க ஊசி. ஐந்து பத்து நிமிடத்தில் தலை சாயும். முன்னங்காலில் கொஞ்சம் முடியை மழித்து, ரத்தநாளத்தில் குழாய் ஏற்றி, பென்டோபார்பிட்டால் என்ற மருந்தை அதிக அளவில் செலுத்துவோம். நினைவு சில விநாடிகளில் போய்விடும், இதயம் சில நிமிடங்களுக்குள் நிற்கும். கண் மூடாது. சிறுநீர் கசியலாம், தசை துடிக்கலாம், நின்ற மூச்சு ஓரிரு முறை பெரிதாக இழுத்துக்கொள்ளலாம். உயிர் வந்துவிட்டதாகப் பதறாதீர்கள், அது வெறும் அனிச்சை. இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர்கள்மீதும் எனக்குக் கோபம் உண்டு.

பணத்தையும் கையெழுத்தையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள். அழுத முகத்தோடு கவுன்ட்டரில் நிற்க வேண்டாம். நாயின் விரிப்பையே கொண்டு வாருங்கள். தலை சாயும்வரையாவது பக்கத்தில் இருங்கள். கதவுக்கு வெளியே நீங்கள் நின்றால் அது கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். குழந்தைகளிடம் “தூங்கிட்டான்” என்று சொல்லாதீர்கள், அப்புறம் அவர்கள் தூங்கப் பயப்படுவார்கள்.

உடல் விறைப்பதற்குள் கால்களை மடித்துச் சுருட்டிப் படுக்க வையுங்கள். புதைக்க அனுமதி உள்ள இடமென்றால், உடலுக்கு மேலேயே குறைந்தது மூன்றடி மண் இருக்கட்டும். மருந்து உடலில் தங்கியிருக்கும், தோண்டித் தின்னும் விலங்கும் சாகலாம். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால், மூடுவதற்கு முன் அதை அருகில் விடுங்கள். முகர்ந்து பார்க்கும், அல்லது திரும்பிப் போய்விடும். கட்டாயப்படுத்த வேண்டாம்.