காத்தாடி நூலில் சிக்கும் பறவைகள்: வடசென்னையில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டியவை

கோடை விடுமுறை தொடங்கி மதியத்துக்கு மேல் கடல்காற்று வீச ஆரம்பித்துவிட்டால் காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி மாடிகளில் காத்தாடி ஏறிவிடும். அடிபட்ட பறவைகள் சிகிச்சைக்கு வரத் தொடங்குவதும் அப்போதுதான். கரும்பருந்து, காக்கை, புறா, குருட்டுக் கொக்கு, கூகை என்று இனம் மாறும். காயம் மட்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும்: இறக்கையின் முன்விளிம்பில், தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய சவ்வுத் தோலில்.

அந்தச் சவ்வின் ஓரமாக ஒரு தசைநாண் ஓடுகிறது. இறக்கை விரிந்து விறைப்பாக நிற்பதற்கு அது வேண்டும். வேகமாக வரும் பறவையின் கண்ணுக்கு நூல் தெரிவதில்லை. இறக்கையில் பட்டதும் பறவை உதறும். உதற உதற நூல் அறுத்துக்கொண்டே உள்ளே போகும். தோல் மட்டும் கிழிந்திருந்தால் தைத்துத் தேற்றலாம். தசைநாணும் அறுந்துவிட்டால் உயிர் பிழைத்தாலும் மறுபடி பறப்பது சந்தேகம்.

பழைய மாஞ்சா பருத்தி நூலில் வஜ்ஜிரப் பசையும் கண்ணாடித் தூளும் சாயமும் சேர்த்துப் பூசியது. அதுவும் அறுக்கும் என்றாலும் மழையில் நனைந்து இற்றுப்போகும். இப்போது கிடைக்கும் நைலான் நூல் இற்றுப்போவதில்லை. வேப்பமரத்திலும் செல்போன் கோபுரத்திலும் மின்கம்பியிலும் வருடக்கணக்கில் தொங்கும். அதனால்தான் வானத்தில் ஒரு காத்தாடிகூட இல்லாத மழைக்காலத்திலும் நூலில் சிக்கிய பறவைகள் வருகின்றன. நைலான் மாஞ்சாவுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுக்கத் தடை விதித்தது. சென்னையில் மாஞ்சா தயாரிக்கவும் விற்கவும் காவல்துறையின் தடையும் இருக்கிறது. பைக்கில் போனவர்களும் முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகளும் கழுத்தறுபட்டு இறந்த பிறகு வந்த தடை அது. ஆனாலும் நூல் கிடைக்கிறது.

பள்ளியிலோ தெருவிலோ பையன்களிடம் இதைப் பேசப் போகிறவர்களுக்கு ஒன்று: “பாவம்டா பறவை” என்று ஆரம்பிக்காதீர்கள். டீல் போட, அதாவது நூலோடு நூல் உரசி அடுத்தவன் காத்தாடியை அறுக்கத் தெரிந்த பையனுக்கு நூலைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரியும். அந்த அறிவையே பயன்படுத்துங்கள். மரத்திலிருந்து எடுத்த மாஞ்சாத் துண்டு ஒரு முழம், வெறும் தையல் நூல் ஒரு முழம், இரண்டு வாழைக்காய் போதும். தோல் கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளி நிற்கவைத்து, பேசுகிறவர் மட்டுமே செய்ய வேண்டும். தையல் நூலை வாழைக்காய் மேல் முன்னும் பின்னும் இழுத்தால் லேசாகத் தடம் விழும். மாஞ்சா தோலைக் கிழித்துச் சதைக்குள் இறங்கும். அதற்குப் பிறகு இறக்கையின் படத்தைக் காட்டிச் சவ்வு எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும். அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வரும்: “அப்ப எதுலதான் விடறது?”

பூச்சு இல்லாத பருத்தி நூலில் விடலாம். மின்கம்பி இல்லாத திறந்த மைதானத்தில் விடலாம். மாலை ஐந்தரைக்குள் இறக்கிவிட வேண்டும், ஏனென்றால் கிளிகளும் காக்கைகளும் கொக்குகளும் அடையத் திரும்பும் நேரம் அது. இருட்டியதும் பழந்தின்னி வௌவால்கள் கிளம்பிவிடும்.

அறுந்து விழுந்த நூலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதைப் பொறுக்கி ஒரு குச்சியில் சுற்றி, சுற்றியதைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டித் துண்டாக்கிக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட வேண்டும். முழுசாகப் போட்டால் அது கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போகும். பருந்தும் உண்ணிக்கொக்கும் மாடும் மேய்கிற இடம் அது. கூடு கட்டக் கந்தல், கயிறு என்று கண்டதையும் எடுத்துப் போகிற பழக்கம் கரும்பருந்துக்கு உண்டு. புறாக்கூட்டம் உள்ள எந்த இடத்திலும் நின்று கால்களைப் பாருங்கள். விரல் குறைந்தவை தென்படும். நூலோ தலைமுடியோ சுற்றி இறுகி, ரத்தஓட்டம் நின்று விரல் உதிர்ந்துபோனவை அவை.

இனி, பறவை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

மின்கம்பியில் என்றால் கொம்பு, துரட்டி எதையும் நீட்டாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987க்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். உயரமான மரம் என்றால் தீயணைப்புத் துறை, 101. கைக்கெட்டும் இடம் என்றால் ஒரு பருத்தித் துண்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோல், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி மூன்றையும் முதலில் தயார் செய்துவிட்டு நெருங்குங்கள். பின்பக்கமாக வந்து தலையோடு சேர்த்துத் துண்டால் மூட வேண்டும். இருட்டானதும் பறவை அடங்கும்.

பிடிப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பருந்தின் ஆயுதம் அலகு அல்ல, நகம். இரண்டு காலையும் முதலில் பிடியுங்கள். கொக்கு, நாரை என்றால் நேர்மாறு: அவை குத்துவது கண்ணைக் குறிவைத்து. தலைக்குக் கீழே கழுத்தை மெதுவாகப் பற்றிக்கொண்டு, கையை நீட்டி முகத்திலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். எந்தப் பறவையானாலும் நெஞ்சை இறுக்காதீர்கள். நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசை) பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பயத்தில் இறுக்கிப் பிடித்த கையிலேயே மூச்சு நின்று போவது உண்டு.

நூலை இழுத்து எடுக்கவே கூடாது. உடலிலிருந்து ஒரு சாண் விட்டு இரண்டு பக்கமும் வெட்டுங்கள். சதைக்குள் இருப்பது அப்படியே இருக்கட்டும், மருத்துவர் எடுப்பார். ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சுமார் 300 கிராம் எடையுள்ள காக்கையின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 30 மில்லிதான், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. கொஞ்சம்தானே போகிறது என்று விட்டுவிட முடியாது.

மஞ்சள் பத்து, தேங்காய் எண்ணெய், தீக்காய மருந்து எதுவும் வேண்டாம். இறகில் எண்ணெய் ஏறினால் அது தண்ணீரையும் குளிரையும் தடுக்கும் தன்மையை இழக்கும். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்ததை இந்தப் பக்கத்து மக்கள் கண்ணால் பார்த்தவர்கள். வகுப்பில் இதைக் காட்டுவது சுலபம்: கீழே உதிர்ந்த இறகு ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு ஓடும், எண்ணெய் தடவிவிட்டு மறுபடி விட்டால் ஒட்டிக்கொண்டு ஊறும்.

வாயில் தண்ணீர் ஊற்றுவது, நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கொலை. பறவையின் மூச்சுக்குழல் திறப்பு நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். பால் செரிக்காது. சோறும் வேண்டாம். பெட்டியில் செய்தித்தாள் விரித்து, மூடி, நிழலில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். கம்பிக்கூண்டில் அடைத்தால் மிரண்டு மோதி இறகை உடைத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும் போட்டோ எடுப்பதும் அதற்கு இன்னொரு தாக்குதல்தான்.

வௌவாலை மட்டும் வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

காயமே இல்லாத பறவையைக் ‘காப்பாற்றி’க் கொண்டுவருவது கோடையில் நடக்கும் இன்னொரு கூத்து. இறகு முளைத்து, வால் குட்டையாக, தரையில் தத்தித் தத்திப் போகும் குஞ்சு பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை, நாய் எட்டாத ஒரு கிளையில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை. குஞ்சு வெளியே வரும் நாட்களில் காக்கை தலையில் கொத்த வந்தால் கல்லெடுக்க வேண்டாம். இரண்டு வாரம் அந்தப் பக்கம் குடை பிடித்துப் போங்கள், தானாக நிற்கும்.

கூகை அபசகுனம் என்று கல்லால் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துறைமுகப் பக்கத்துக் கிடங்குகளிலும் மண்ணடியின் பழைய கட்டிடங்களிலும் எலி பெருகிக் கிடக்கிறது. அதைத் தின்னத்தான் கூகை அங்கே இருக்கிறது. பகலில் காக்கைகள் விரட்டி மூலையில் ஒடுங்கிக் கிடந்தால், காயம் இல்லை என்றால், பொழுது சாயும்வரை அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டியதும் அங்கேயே விடலாம். மழை வெள்ளத்தில் வீட்டுக்குள் வரும் பாம்புக்கும் 101தான். பத்தடி தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்.

தேறும்வரை வீட்டிலேயே வைத்து வளர்க்கலாமே என்று கேட்பார்கள். கூடாது. பச்சைக்கிளி உட்பட நம் காட்டுப் பறவைகளை வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், பறவையின் எலும்பு மூன்று வாரத்துக்குள் கூடிவிடும். கோணலாகக் கூடினாலும் கூடியதுதான். அதனால் அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வனத்துறைக்கோ கொண்டு சேர்த்துவிடுங்கள். பெட்டியின் மேல் மூன்று விவரம் எழுதி ஒட்டுங்கள்: எந்தத் தெரு, எத்தனை மணி, வாயில் ஏதாவது கொடுத்தீர்களா. கடைசிக் கேள்விக்குக் கூச்சப்படாமல் உண்மையை எழுதுங்கள், சிகிச்சை அதிலிருந்துதான் தொடங்கும். தெருப்பெயரும் முக்கியம். தேறிய பறவையை எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விட வேண்டும். அதன் ஜோடியும் கூடும் அங்கேதான் இருக்கும்.