போர் இழப்பீடு: அபராதமும் இல்லை, திறையும் இல்லை

"வெர்சேல்ஸ் ஒப்பந்தத்தில் ஜெர்மனிக்கு 132 பில்லியன் மார்க் அபராதம் விதிக்கப்பட்டது." காரைக்குடிப் பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால் இந்த வரி கண்ணில் படும். பட்டிமன்ற மேடையிலும் இதேதான் முழங்குகிறது. ஒரே வாக்கியத்தில் மூன்று தப்பு. அந்தத் தொகை, முதல் உலகப்போரை முடித்த வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் குறிக்கப்படவே இல்லை. பிறகு குறித்தபோதும் அது உண்மையில் ஒரே தொகையாக இல்லை. மூன்றாவதுதான் பெரிய தப்பு: அது அபராதம் இல்லை. அபராதம் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்றுதான் ஜெயித்த தலைவர்கள் சொல் சொல்லாகப் பார்த்து எழுதினார்கள்.

அந்தப் பணத்துக்கு மூலத்தில் உள்ள சொல் 'ரெப்பரேஷன்'. லத்தீனில் 'ரெப்பராரே' என்றால் திரும்பச் சீராக்குதல். பட்டறை வாசலில் எழுதியிருக்கும் 'ரிப்பேர்' இதற்கு உடன்பிறப்பு. (வண்டி கெட்டாலும் ரிப்பேர், அதைச் சரிசெய்தாலும் ரிப்பேர் என்பது நம் கைங்கரியம்.) கெட்டதைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கெடுத்தவனே கொடுப்பது, அவ்வளவுதான். இழப்பு, ஈடு என்ற இரண்டு தமிழ்ச்சொல்லும் சேர்ந்து 'இழப்பீடு' ஆகிறது. முன்னால் 'போர்' சேர்த்தால் வேலை முடிந்தது.

இதோடு சேர்த்துக் குழப்பப்படுவது 'இண்டெம்னிட்டி' என்னும் வேறொரு சொல். சேதத்துக்குக் கணக்குக் கேட்காமல், தோற்றவன் தலையில் ஒரு தொகையைக் கட்டுவது அது. 1815இல் நெப்போலியன் தோற்றபின் பிரான்ஸ் மீது 70 கோடி ஃபிராங்க் சுமத்தினார்கள். 1871இல் ஃபிராங்க்ஃபர்ட் உடன்படிக்கையில் அதே பிரான்ஸ் மீது ஜெர்மனி 500 கோடி ஃபிராங்க் சுமத்தியது. 1873 செப்டம்பரில் பிரான்ஸ் கடைசித் தவணையையும் கட்டி முடித்தது. ஜெர்மன் படை வெளியேறியது. இதைத் 'தண்டம்' என்று தாராளமாகச் சொல்லலாம். 'தெண்டம் அழுதான்' என்று ஊரில் சொல்கிறோமே, அந்தப் பொருள் அப்படியே பொருந்தும்.

1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில் கூடியவர்களால் இந்தத் தண்டத்தைத்தான் வெளிப்படையாகக் கேட்க முடியாமல் போனது. தண்டனையாகப் பணம் வாங்குவதில்லை என்று அமெரிக்க அதிபர் வில்சன் 1918 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார். சண்டையை நிறுத்துவதற்கு ஆறு நாள் முன்பு, நவம்பர் 5ஆம் தேதி ஜெர்மனிக்குப் போன குறிப்பிலும் பொதுமக்களுக்கும் அவர்கள் சொத்துக்கும் நேர்ந்த சேதத்துக்கு மட்டுமே ஈடு என்று எழுதிக் கொடுத்தாயிற்று. அதை நம்பித்தான் ஜெர்மனி ஆயுதத்தைக் கீழே வைத்தது.

சிக்கல் அதிலிருந்து கிளம்பியது. பொதுமக்கள் சேதம் மட்டும் என்றால் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும்தான் பெரும்பங்கு. ஊரும் வயலும் சுரங்கமும் அழிந்தது அங்கேதான். பிரிட்டனுக்கு மூழ்கிய கப்பல்களுக்கு மேல் அதிகம் தேறாது. ஆனால் ஜெர்மனியே முழுச்செலவையும் கட்டும் என்று 1918 டிசம்பர் தேர்தலில் பேசி ஓட்டு வாங்கியாயிற்று. 2,400 கோடி பவுண்டு வாங்கலாம் என்று அங்கே ஒரு குழு கணக்கும் போட்டு வைத்திருந்தது. பிரிட்டிஷ் பிரதமர் லாய்ட் ஜார்ஜ் கண்டுபிடித்த வழி, படைவீரர்களின் ஓய்வூதியத்தையும் குடும்பப் படியையும் 'பொதுமக்கள் சேதம்' என்ற தலைப்பில் நுழைப்பது. தென்னாப்பிரிக்கப் பிரதிநிதி ஸ்மட்ஸ் மார்ச் 31ஆம் தேதி அதற்கு ஒரு சட்டக்குறிப்பு எழுதித் தர, வில்சன் இறங்கி வந்தார். கோரக்கூடிய தொகை ஏறத்தாழ இருமடங்கானது. சொல்லின் எல்லையை மீறாமல், சொல்லுக்குள்ளேயே இடத்தைப் பெருக்கிய வேலை இது. 'அபராதம்' என்று எழுதுகிறவர்களுக்கு இந்தப் பேரமே தெரியாமல் போகிறது; அபராதம் போட ஓய்வூதியக் கணக்கு எதற்கு?

உடன்படிக்கையின் பிரிவு 231இல் சேதத்துக்கு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்று எழுதினார்கள். அடுத்த பிரிவு 232, முழுவதையும் ஈடுகட்ட ஜெர்மனிக்கு வசதி போதாது என்று தானே ஒப்புக்கொண்டு கோரிக்கையைச் சுருக்குகிறது. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுவது பாடக்குறிப்பு எழுதுகிறவர்களின் வழக்கம். தொகையை எழுதவில்லை: சின்னத் தொகை எழுதினால் லண்டனிலும் பாரிஸிலும் ஆட்சி கவிழும், பெரிய தொகை எழுதினால் ஜெர்மனி கையெழுத்துப் போடாது. ஆகவே முன்பணமாக 2,000 கோடி தங்க மார்க் (தங்க மதிப்பில் கணக்கிட்ட ஜெர்மன் நாணயம்) மதிப்புக்குப் பணமும் பொருளும் என்று குறித்துவிட்டு, மொத்தத்தை 1921 மே 1ஆம் தேதிக்குள் சொல்ல ஒரு ஆணையத்தை வைத்தார்கள். பொருள் என்றால் கப்பல், நிலக்கரி, கால்நடை வரைக்கும். பிரான்சுக்கு மட்டும் 90,000 கறவை மாடும் 10,000 வெள்ளாடும் என்று இணைப்பில் இருக்கிறது. இழந்த மாட்டுக்கு மாடு. பெயருக்கு ஏற்ற ஈடு இதுதான்.

1921 மே மாதம் லண்டனில் வந்ததுதான் அந்த 132 பில்லியன், அதாவது 13,200 கோடி தங்க மார்க். (பில்லியன் என்று எழுதிவிட்டு எத்தனை சைபர் என்று கேட்டால் விழிப்பவர்கள் கோடியில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?) அதை மூன்று வகைக் கடன்பத்திரமாகப் பிரித்தார்கள். முதல் வகை 1,200 கோடி, இரண்டாவது 3,800 கோடி. மூன்றாவது வகையின் 8,200 கோடி, வராது என்று தெரிந்தே பேரேட்டில் ஏற்றி வைக்கும் பாக்கி மாதிரி. உள்ளூர் வாக்காளர் கண்ணுக்குப் பெரிய எண்ணாகத் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் உபயோகம்.

இனி 'போர்த்திறை'க்கு வருவோம். அபராதம் வடசொல் என்று தள்ளிவிட்டு, அந்த இடத்தில் சங்கத் தமிழ்ச்சொல்லை உட்காரவைக்கிறோம் என்று கிளம்பியவர்கள் கொடுத்தது இது. கேட்க கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் திறை என்பது என்ன? சிற்றரசன் பேரரசனுக்கு, நீ எனக்கு மேலே என்று ஒப்புக்கொண்டு, ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டுவது. அதற்குச் சேதம் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. போரே நடந்திருக்க வேண்டியதில்லை. கலிங்கத்துப்பரணியில் கலிங்க மன்னன் இருமுறை திறை கொண்டு வராததால்தான் கருணாகரத் தொண்டைமான் படையெடுத்துப் போகிறான். அங்கே திறை நின்றதால் போர் வந்தது. பாரிஸில் போர் முடிந்ததால் ஈடு வந்தது. தலைகீழ். திறைக்கு முடிவுத் தேதி கிடையாது, இழப்பீட்டுக்குக் கணக்கு உண்டு, கட்டித் தீர்க்கும் நாளும் உண்டு. திறை கட்டுகிறவன் அடிமைப்பட்டவன். இழப்பீடு கட்டுகிறவன், பெயரளவிலாவது, கடன்பட்டவன். ஜெர்மனியில் இதை எதிர்த்தவர்கள் 'திறை கேட்கிறான்' என்று கத்தியது அரசியல். அந்தக் கட்சியின் வசைச்சொல்லையே கலைச்சொல்லாக்கி நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது எந்த வகை நடுநிலை? தமிழ்ச்சொல் என்பதற்காகப் பொருந்தாத சொல்லை எடுப்பது தமிழுக்குச் செய்கிற நன்மை ஆகாது. 'இழப்பீடு' மட்டும் தமிழில்லாமல் என்ன?

இன்னொரு குறுக்குவழி, தலைப்பில் இடமில்லை என்று 'போர் ஈடு' எனச் சுருக்குவது. வேறு ஊரில் எப்படியோ, கொடுக்கல் வாங்கல் நடந்த செட்டிநாட்டில் ஈடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது கடனுக்குப் பிடித்து வைத்த நகையும் நிலமும். அந்தப் பொருளில் ஈடும் அதே உடன்படிக்கையில் தனியாக இருக்கிறது: ரைன் ஆற்றங்கரைப் பகுதியை மூன்று மண்டலமாகப் பிரித்து 5, 10, 15 ஆண்டு என்று நேசப்படை பிடித்து வைத்துக்கொண்டது. மரமும் நிலக்கரியும் சொன்னபடி வரவில்லை என்று 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ரூர் சுரங்கப் பகுதிக்குள் புகுந்தபோது சொன்ன நியாயமும் இதுதான், பலன் தரும் ஈட்டை எடுத்துக்கொள்கிறோம் என்று. இழப்பீடு நின்றதால் ஈட்டில் கை வைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

'நஷ்டஈடு' என்பதும் இங்கே கவனமாகக் கையாள வேண்டிய சொல். பர்மாவில் நிலம் வைத்திருந்த குடும்பங்களில் நஷ்டஈடு என்றால், 1948க்குப் பிறகு பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமை ஆக்கியதற்குக் கேட்ட தொகை. ஓர் அரசு தனியாளுக்குக் கொடுக்க வேண்டியது அது. போர் இழப்பீடு அரசுக்கும் அரசுக்கும் இடையில். இரண்டாம் உலகப்போர்ச் சேதத்துக்காக ஜப்பான் 1954 நவம்பர் 5ஆம் தேதி கையெழுத்திட்டு, பத்தாண்டில் 20 கோடி டாலர் மதிப்புள்ள பொருளும் வேலையும் தருவதாக ஒப்புக்கொண்டது பர்மா அரசோடு; பலூச்சாவுங் நீர்மின் நிலையம் அப்படி எழுந்தது. இந்தியாவோ ஜப்பானோடு சமாதானம் செய்யக் கூடிய 1951 சான்பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கே போகவில்லை. 1952 ஜூன் 9ஆம் தேதி ஜப்பானோடு தனியே உடன்படிக்கை செய்து, இழப்பீட்டுக் கோரிக்கை முழுவதையும் விட்டுக்கொடுத்தது. இரண்டையும் 'நஷ்டஈடு' என்றே எழுதினால், ஜப்பான் கொடுத்த பணம் நம் முன்னோருக்கு வரவேண்டியது, யாரோ விழுங்கிவிட்டார்கள் என்ற திண்ணைக் கதைக்கு அச்சிலேயே ஆதாரம் கிடைத்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்கள் இதே பாடத்தில் செய்யும் இன்னொரு கோளாறு, 1931இல் ஜெர்மனியின் பாக்கி பற்றி அமெரிக்க அதிபர் ஹூவர் அறிவித்ததைத் 'தள்ளுபடி' என்பது. அவர் கொடுத்தது ஓராண்டு அவகாசம்; கடன் கடனாகவே நின்றது. அடுத்த ஆண்டு லோசான் மாநாட்டில்தான் 300 கோடி மார்க்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட ஒப்புக்கொண்டார்கள். அந்த 300 கோடியும் வரவில்லை.