கேட்டால்தான் வரும் மாட்யூல்கள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் மூல நிரல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்கள். வைஃபை கார்டு, கேமரா, டிவி ட்யூனர், என்றோ விற்பனை நின்றுபோன சவுண்ட் கார்டு என்று எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. வேண்டியபோது கர்னலில் ஏற்றிக்கொள்ளும் தனிக் கோப்பாக இருக்கும் நிரல்தான் மாட்யூல். உங்கள் மடிக்கணினிக்குத் தேவைப்படுவது நூறோ இருநூறோ மாட்யூல்கள். மீதிப் பல ஆயிரமும் டிஸ்கில் கோப்புகளாகக் கிடக்கின்றன.

சாதாரண நிரல்களுக்கு இந்தக் கவலை குறைவு. பிரவுசர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் நிரலில் தொட்ட பகுதிகளை மட்டுமே இயங்குதளம் ரேமுக்குக் கொண்டுவரும். கர்னலுக்கு அந்தச் சலுகை கிடையாது. லினக்ஸ் கர்னலின் நிரல் ரேமில் ஏறிவிட்டால் அங்கேயேதான் இருக்கும்; இடம் போதவில்லை என்று டிஸ்குக்குத் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே எதை ஏற்றுவது, எப்போது ஏற்றுவது என்பதற்குக் கர்னல் தனக்கென்று ஓர் ஏற்பாடு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யூஎஸ்பி மவுஸ் ஒன்றைச் செருகுகிறீர்கள். அதற்கான டிரைவரின் பெயர் கர்னலுக்குத் தெரியாது. கர்னல் செய்வதெல்லாம் மவுஸிடம் "நீ யார்?" என்று கேட்பதுதான். மவுஸ் சில எண்களைச் சொல்லும்: தயாரிப்பாளர் எண், பொருள் எண், தான் எந்த வகைச் சாதனம் என்பதற்கான எண்கள். கர்னல் இவற்றை ஒரே நீளச் சரமாகக் கோத்து, புது ஆள் வந்திருக்கிறார் என்று வெளியே அறிவிக்கிறது. அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கும் யூடெவ் என்ற நிரல் சரத்தை வாங்கி ஓர் அட்டவணையில் தேடுகிறது. பொருந்தும் வரியில் மாட்யூலின் பெயர் இருக்கும்.

என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் உயிரே அந்த அட்டவணைதான். அதை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. எந்தெந்த எண்கள் வந்தால் தான் பொறுப்பு என்பதை ஒவ்வொரு டிரைவரும் தன் நிரலிலேயே அறிவித்திருக்கும். கர்னலைத் தொகுக்கும்போது அந்த அறிவிப்பு மாட்யூல் கோப்புக்குள் பதிந்துவிடுகிறது. கர்னலை நிறுவும்போது டெப்மாட் என்ற கருவி எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்த்து, அறிவிப்புகளைத் திரட்டி ஒரே அட்டவணையாக்குகிறது. எந்த மாட்யூலுக்கு எந்த மாட்யூல் முன்னால் ஏற வேண்டும் என்ற இன்னொரு பட்டியலையும் அதுவே எழுதிவைக்கிறது.

அட்டவணையில் "எதுவானாலும் சரி" என்ற குறியும் உண்டு. மவுஸ், கீபோர்டு வகைக்கு யூஎஸ்பி தரம் ஒதுக்கிய எண் 3. தயாரிப்பாளர் யாரானாலும், பொருள் எதுவானாலும், வகை எண் 3 என்றால் தன்னிடம் வரட்டும் என்று யூஎஸ்பிஹிட் மாட்யூல் சொல்லிவைத்திருக்கிறது. அந்த டிரைவரை எழுதிய நாளில் தொடங்கப்படாத நிறுவனத்தின் மவுஸும் இன்று செருகியதும் வேலை செய்வது இதனால்தான். வைஃபை டாங்கிளுக்கு (யூஎஸ்பியில் செருகும் சிறு வைஃபை கருவி) இப்படி ஒரு பொது வகை இல்லை. ஒவ்வொரு தயாரிப்பின் எண்ணையும் டிரைவர் பெயர் சொல்லாத குறையாகப் பட்டியலிட வேண்டும். உள்ளே இருப்பது பழகிய சிப்தான் என்றாலும், புது எண்ணோடு வந்த டாங்கிளை லினக்ஸ் கண்டுகொள்ளாமல் விடுவது இதன் விளைவு. பல நேரம் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் சிக்கல் அது.

பெயர் தெரிந்த பிறகு கோப்பு கர்னலுக்குள் போகிறது. மாட்யூல் என்பது பாதி இணைத்து நிறுத்திய நிரல். அது அழைக்கும் கர்னல் செயல்களின் முகவரிகள் வெற்றிடமாக இருக்கும். கர்னல் நினைவகத்தில் இடம் ஒதுக்கி, தான் வெளியிட்டிருக்கும் பெயர்ப் பட்டியலைப் பார்த்து அந்த வெற்றிடங்களை நிரப்புகிறது. தன் பதிப்புக்காகவே தொகுக்கப்பட்டதுதானா என்று சோதிக்கிறது. அப்படி அமைத்திருந்தால் மாட்யூலின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்க்கிறது. பிறகு மாட்யூலின் தொடக்கச் செயலை ஓட்டுகிறது. அந்தத் தொடக்கப் பகுதி இனி வேண்டாம் என்பதால் அதன் இடத்தை உடனே விடுவித்தும் விடுகிறது.

பதிப்புச் சோதனை கண்டிப்பானது. சில விநியோகங்களில் (கர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் லினக்ஸ் வகைகள்) கர்னலை மேம்படுத்தியதும் பழைய மாட்யூல் கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும். ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கர்னல். ஏற்கெனவே ஏறிய மாட்யூல்கள் ஓடும், புதிதாக ஒன்றைக் கேட்டால் கிடைக்காது. நேற்றுவரை வேலை செய்த பென் டிரைவ் திடீரென்று தெரியாமல் போய், ரீபூட் செய்ததும் சரியாகிவிடுவதன் காரணங்களில் இது ஒன்று.

டிஸ்கைப் படிக்கும் டிரைவரே டிஸ்கில் இருந்தால் என்ன செய்வது? அதற்காகத்தான் கணினி தொடங்கும்போது கர்னலை ஏற்றும் பூட் லோடர் என்ற நிரல் கர்னலோடு ஒரு சிறு கோப்புத் தொகுப்பையும் நினைவகத்தில் வைக்கிறது. முதல் சில மாட்யூல்கள் அதிலிருந்தே வருகின்றன.

சாதனங்கள் மட்டும் கேட்பதில்லை. ஒரு கோப்பு முறையை (டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை) மவுண்ட் செய்தாலும், அதாவது பயன்பாட்டுக்கு இணைத்தாலும், ஒரு நெட்வொர்க் நெறிமுறைக்கு சாக்கெட் என்ற தொடர்பு முனையைத் திறந்தாலும், தன்னிடம் இல்லாத மாட்யூலைக் கர்னலே வரவழைக்கும். இங்கேதான் எனக்குக் கவலை. டிசிசிபி என்ற நெறிமுறை 2005-இல் கர்னலில் சேர்ந்தது; அதைப் பயன்படுத்தியவர்கள் மிகச் சிலர். அதில் ஒரு நினைவகப் பிழை 2017 வரை யார் கண்ணிலும் படாமல் இருந்தது. டிசிசிபி சாக்கெட் ஒன்றைச் சாதாரணப் பயனர் திறந்தாலே மாட்யூல் தானாக ஏறியது. பிழை வழியாக அவரால் கணினியின் முழு அதிகாரமான ரூட் அதிகாரத்தையும் எட்ட முடிந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. இப்படி அரிதான நெறிமுறைகளைத் தானாக ஏற்ற வேண்டாம் என்று தடைப்பட்டியல் வைத்திருக்கும் விநியோகங்களும் உண்டு.

கோப்பு முறைப் பக்கமும் கதவு அகலமாகவே திறந்திருந்தது. மவுண்ட் செய்யும்போது கோப்பு முறையின் பெயராக எதைக் கொடுத்தாலும், அதே பெயருள்ள மாட்யூலைக் கர்னல் தேடிக்கொண்டிருந்தது; அது கோப்பு முறைதானா என்று பார்க்கவில்லை. 2013-இல் வந்த 3.9 பதிப்பில், கோப்பு முறை மாட்யூல்களுக்குத் தனி முன்னொட்டு கட்டாயமானது.

இன்னும் இறுக்கமாக வேண்டுவோருக்குக் கர்னலில் ஒரு செட்டிங் இருக்கிறது. அதை 1 ஆக்கினால் அதன்பின் எந்த மாட்யூலும் ஏறாது, இறங்காது; ரூட்டே நினைத்தாலும் 0-க்குத் திருப்ப முடியாது, ரீபூட் ஒன்றே வழி. வன்பொருள் மாறாத சர்வருக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஃபயர்வாலும் விபிஎன்னும் கேட்கும் மாட்யூல்கள் எல்லாம் ஏறிவிட்டனவா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அவையும் கேட்டபோதுதான் வருபவை.