புரோட்டோகால்: சீனா கையெழுத்துப் போட்ட ஆவணம்

சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததைப் பற்றி எழுதப் போனால் ‘அக்செஷன் புரோட்டோகால்’ என்ற சொல் கட்டாயம் வரும். அக்செஷன் என்றால் அமைப்பில் சேர்வது. புரோட்டோகால் என்றதும் கை தானாக ‘நெறிமுறை’ என்று எழுதிவிடும். அமைச்சர் வந்தால் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கும், கணினிகள் தகவல் பரிமாறும் விதிகளுக்கும் அந்தச் சொல் சரி. ஆனால் இது கையெழுத்துப் போட்ட ஆவணம், மீறினால் வழக்கே தொடுக்கலாம்.

சொல்லின் வேர் கிரேக்கம். புரோட்டோஸ் என்றால் முதல், கொல்லா என்றால் பசை. பப்பைரஸ் என்ற பழங்காலத் தாள் சுருளின் தொடக்கத்தில் ஒட்டிய முதல் தாள்தான் புரோட்டோகொல்லோன். சுருள் எப்போது, யார் பொறுப்பில் தயாரானது என்ற விவரம் அதில் இருக்கும். லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தபோது மூல ஆவணம், அப்புறம் நாடுகளுக்கு இடையிலான உடன்பாட்டுப் பதிவு என்று பொருள் விரிந்தது.

1947இல் உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான ‘காட்’ வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட 23 நாடுகளில் சீனாவும் ஒன்று. கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தபின், தைவானுக்குப் போய்விட்ட பழைய அரசு 1950இல் அதிலிருந்து விலகிக்கொண்டது. 1986இல் பெய்ஜிங் திரும்பி வர விண்ணப்பித்து, பேச்சு 15 ஆண்டுகள் இழுத்தது. கறுத்த முடி நரைக்கும்வரை பேசிவிட்டோம் என்று அப்போதைய சீனப் பிரதமர் ஷூ ரோங்ஜியே சொன்னார். 2001 நவம்பர் 11 அன்று கத்தாரின் தோஹாவில் அந்தப் புரோட்டோகால் கையெழுத்தாகி, டிசம்பர் 11 அன்று சீனா 143ஆவது உறுப்பினரானது.

அந்த ஆவணத்தின் 15ஆவது பிரிவைப் பாருங்கள். ஒரு நாட்டு நிறுவனம் தன் உள்நாட்டு விலையைவிடக் குறைவாக வெளியே விற்றால், இறக்குமதி செய்யும் நாடு பொருள் குவிப்புத் தடுப்பு வரி போடலாம் என்பது பொது விதி, ஆனால் சீனாவில் விலையைச் சந்தை தீர்மானிக்கவில்லை என்று சொல்லி, சீன விலையை ஒதுக்கிவிட்டு வேறொரு நாட்டு விலையோடு ஒப்பிடவும் இந்தப் பிரிவு இடம் கொடுத்தது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் சீனத் தோல் செருப்புகளைப் பிரேசில் விலையோடு ஒப்பிட்டுத்தான் பெரும்பாலான நிறுவனங்களுக்கு 16.5% வரி போட்டது. பெரும்பாலான மற்ற உறுப்பினர்களுக்கு இல்லாத நிபந்தனை இது, சீனா தெரிந்தேதான் ஒப்புக்கொண்டது.

அதனால் ‘இணைவு உடன்படிக்கை’ என்று எழுதுவதே சரி என்பேன். உடன்படிக்கை என்றால் இரு தரப்பும் கட்டுப்பட்டது, பிரிவும் கெடுவும் உள்ளது என்று படிப்பவருக்குச் சட்டென்று விளங்கும். அக்செஷனை ‘நுழைவு’ என்று எழுதினால் கதவைத் திறந்து உள்ளே வந்ததோடு எல்லாம் முடிந்தது போல இருக்கிறது.

15ஆவது பிரிவுக்கும் ஒரு கெடு இருந்தது. சேர்ந்து 15 ஆண்டுகளில் அதன் ஒரு உட்பிரிவு காலாவதியாகும். 2016 டிசம்பர் 11 அன்று அந்த நாளும் வந்தது. இனி வேறு நாட்டு விலையை எடுக்க முடியாது என்றது சீனா. போனது அந்த உட்பிரிவு மட்டும்தான், மீதி அப்படியே இருக்கிறது என்றன அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும். மறுநாளே சீனா உலக வர்த்தக அமைப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. 2019இல் சீனாவே அதை நிறுத்திவைக்கக் கேட்டது, 2020இல் விசாரணைக் குழுவின் அதிகாரமும் காலாவதியானது. தீர்ப்பு வெளியாகவே இல்லை.