கடைக்கு கரண்டு, ஃபோன் கனெக்‌ஷன் வாங்கறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

புதுசா கடையோ சின்ன பட்டறையோ போடறவங்க நிறைய பேர், ஈபி கனெக்‌ஷன்ங்கறது யாரோ மனசு வச்சாத்தான் கிடைக்கும்னு நினைச்சு மாசக்கணக்குல செக்‌ஷன் ஆபீசுக்கு அலையறாங்க. அது உங்க உரிமைங்க. 2003 மின்சாரச் சட்டம் 43வது பிரிவுப்படி, கட்டடத்தோட ஓனரோ அத அனுபவிக்கறவரோ கேட்டா சப்ளை குடுத்தே ஆகணும், அதனால முறையா வாடகைக்கு இருக்கறவங்களும் கேக்கலாம்.

எத்தன நாள்ல? மத்திய அரசு 2020ல நுகர்வோர் உரிமை விதின்னு ஒண்ணு போட்டாங்க, அத 2024ல திருத்தி, பேப்பர் எல்லாம் சரியா இருந்தா பெருநகரத்துல 3 நாள், மத்த நகராட்சி பகுதியில 7 நாள், கிராமத்துல 15 நாள்னு குறைச்சாங்க. மலை கிராமத்துக்கு மட்டும் 30 நாள். புதுசா கம்பம் நடணும், டிரான்ஸ்ஃபார்மர் வைக்கணும்னா கூடுதலா ஆகும். விண்ணப்பம் குடுத்ததும் ரசீதுல இருக்கற தேதியையும் நம்பரையும் ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, நாள் தாண்டிப் போச்சுன்னு நாளைக்கு சண்டை போட உங்க கையில இருக்கப்போறது அந்த ஒரு தேதிதான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், தயவுசெஞ்சு இத மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க. வீட்டு முன்ரூம்ல கடை போட்டுட்டு வீட்டு மீட்டர்லயே ஃப்ரிட்ஜ், ஜெராக்ஸ் மெஷின்னு ஓட்டுவாங்க, கேட்டா "நான்தான் ஒழுங்கா பில் கட்டறேனே"ம்பாங்க. கட்டறீங்க, ஆனா வீட்டு ரேட்ல கட்டறீங்க. தமிழ்நாட்டுல கடைக்கு தனி டாரிஃப், அதாவது தனி கட்டண ரேட். செக்கிங்ல மாட்டினா அதே மின்சாரச் சட்டத்தோட 126வது பிரிவுல பொருந்தற ரேட்டுக்கு ரெண்டு மடங்கு போடுவாங்க, எப்பலேர்ந்துன்னு கண்டுபிடிக்க முடியலன்னா முந்தின 12 மாசத்துக்கும் சேத்துப் போடலாம், சின்ன கடைக்காரர் எங்க போவார் அவ்ளோ பணத்துக்கு? முதல்ல வர்றது தற்காலிக ஆர்டர்தான், அதுக்கே ஆட்சேபணை எழுதிக் குடுங்க. கடைசி ஆர்டர் வந்தப்பறம் 30 நாளுக்குள்ள அப்பீல் போகலாம், ஆனா அதுக்கு பாதிப் பணத்த முதல்ல கட்டணும்.

டாக்டர், வக்கீல் மாதிரி ஆளுங்க தன் வீட்டோட ஒட்டி 200 சதுர அடிக்குள்ள கன்சல்டிங் ரூம் வச்சிருந்தா வீட்டு டாரிஃபே போதும். மளிகைக் கடைக்கு அந்த சலுகை கிடையாது.

பில் தகராறு செக்‌ஷன்ல தீரலன்னா மின் பகிர்மான வட்ட அளவுல நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கு, அதுக்கும் மேல மின்குறை தீர்ப்பாளர். இதுக்கு வக்கீல் தேவையில்ல, நீங்களே எழுதிக் குடுக்கலாம். பில் கட்டலன்னு ஃபியூஸ புடுங்கறதா இருந்தாலும் எழுத்துல 15 நாள் நோட்டீஸ் குடுத்தாகணும்.

ஃபோன்ல பாத்துக்க வேண்டியது, சிம் யார் பேர்ல இருக்குங்கறது. ஸ்டாஃப் பேர்ல வாங்கின சிம்ம கடை போர்டுல போட்டுட்டீங்கன்னா, அவர் வேலைய விட்டுப் போறப்ப நம்பரும் அவரோடயே போயிடும், கஸ்டமர் எல்லாம் அவருக்குத்தான் ஃபோன் பண்ணுவாங்க. கம்பெனி பேர்லயே பிசினஸ் கனெக்‌ஷன் வாங்குங்க, 2023 மாற்றத்துக்கப்புறம் அதுல சிம்ம யூஸ் பண்ற ஒவ்வொருத்தரோட கேஒய்சியும் (அடையாளச் சரிபார்ப்பு) வேணும். நெட் புகார் சொன்னா டாக்கெட் நம்பர், அதாவது புகார் பதிவு நம்பர், கேட்டு வாங்கிக்கோங்க, புகார் தீரலன்னா அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த நம்பர போட்டு எழுதலாம், அதுக்கு காசு எதுவும் கட்ட வேணாம்.